ஒரே நாற்காலி, இரண்டு வீடு

சராசரியை நம்பிப் பிழைக்கப் புள்ளிவிவரத் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபம்; வாழ்த்து அப்புறம். போன மாதம் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று வந்து உங்கள் நடுவே உட்கார்ந்தேன். சுவரில் மாவட்ட வரைபடம் ஒன்றைப் போட்டுக் காட்டினீர்கள். வருமானம் கூடிய வட்டாரம் பச்சை, கூடாதது சிவப்பு. ஒரு தங்கை எழுந்து, "மேடம், இந்தச் சிவப்பெல்லாம் மெல்ல மெல்லப் பச்சையாகிட்டு வருது" என்றாள். சொல்லும்போது அவள் முகமே துளிர் விட்ட மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேச மனசு வரவில்லை. காபியும் நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதை இப்போது எழுதுகிறேன். எழுதுகிறவளுக்குக் காபி கொடுத்து வாயை அடைக்க முடியாது, பாருங்கள்.

எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது, எத்தனை வீட்டுக்கு ஒரு வீடு எடுப்பது என்பதெல்லாம் என்னிடம் கிடைக்காது. அதற்கு உங்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, வகுப்பில் தூங்குவதற்கு மின்விசிறியும் இருக்கிறது. நான் வயது முடியும் முன்பே விருப்ப ஓய்வு கேட்டு வெளியே வந்தவள். ஓரிடத்தில் தரிக்காத கால் என் கால். அந்தக் கால் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய ஒரு வாசற்படியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஓசூரும் நம் தர்மபுரி மாவட்டம்தான். உங்களில் பாதிப் பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வடக்கே ஓசூரில் ஆலைச் சங்கு ஊதும். பெங்களூர்க் காற்று வாங்கிக்கொண்டு புதுப்புதுச் சுவர்கள் எழும்பும். தெற்கே வத்தல்மலையில் சாமைக் கதிர் தலையாட்டும். அதற்குச் சங்கும் தெரியாது, ஷிப்டும் தெரியாது. இரண்டையும் ஒரே பானையில் கொட்டிக் கிண்டி, தலைக்கு இவ்வளவு என்று நாங்கள் அள்ளி வைப்போம். ஓசூரில் ஒருவர் ஸ்கூட்டர் வாங்கினால், வத்தல்மலையில் இருப்பவருக்குக் காகிதத்தில் அதன் ஒரு சக்கரம் போய்ச் சேரும். அவரால் அதை ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அதுதான் நம் தொழில், தங்கைகளே, தம்பிகளே. சக்கரம் வழங்குவது.

அந்தக் காலத்தில்தான் ஒரு பேராசிரியரை மலைக்கு அழைத்துப் போகும் வேலை எனக்கு வந்தது. பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர், சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், கொஞ்சம் கனத்த மனிதர். எந்த மலை ஊருக்கு முதலில் பாதை போடலாம் என்று பரிந்துரைக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. வத்தல்மலைத் தொடரில் ஒரு சிற்றூர் அந்த வரிசையில் இருந்தது. ஊர் உண்மையிலேயே பின்தங்கிக் கிடக்கிறது என்று அவருக்குப் பட்டால் பாதை. தானாகவே முன்னேறி வருகிறது என்று பட்டால் பாதை இல்லை. அந்த நிதி ஓசூர்ப் பக்கம் ஏற்கனவே இருக்கிற சாலையை இன்னும் அகலமாக்கப் போய்விடும். ஊருக்கு ஒரே ஒரு பகல் வாய்ப்பு.

ஜீப்பில் போகும்போது அவர் தம் கொள்கையை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். குலுங்கக் குலுங்க விளக்கினார்.

"பாருங்கம்மா, முன்னால ஓடுறவன் களைச்சுப் போவான். பின்னால வர்றவனுக்குக் கால் புதுசு, வேகமா வருவான். கூலி மலிவா இருக்கிற இடத்தைத் தேடி முதலீடு வரும். வந்தா கூலி ஏறும். ஒருநாள் ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிப்பாங்க."

"எந்த இடத்துல சார்?"

"அதுக்குத்தானே கணக்கு."

மலையடிவாரத்தில் ஜீப் நின்றது. அதற்கு மேல் வழி இல்லை. முதலீடும் அந்த இடத்தில்தான் இறங்கித் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. தர்மபுரிப் பக்கத்து ஏற்றம் கொஞ்சம் சாதுவானது. அதில் ஏறினோம். புதுக்கால், களைத்த கால் எல்லாம் அங்கே ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கின.

அந்த ஊரில் அதற்கு முன் இரண்டு தடவை தங்கிக் கணக்கெடுத்திருக்கிறேன். தங்கியது வெள்ளச்சி அக்கா வீட்டில். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் இல்லை. சாமையும் ராகியும் போட்டு, கடுக்காய், சீயக்காய் பொறுக்கி, தனியாளாக நின்றவள். ஒரே மகன் சின்னப்பன். அவன் ஓசூரில் ஆலைகளுக்குச் சுவர் எழுப்பும் வேலைக்குப் போய்விட்டான். "ரோடு வந்தா நான் அங்க வர்றேன், வரலைன்னா நீ இங்க வா" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவளுக்கு ஓசூர் வேண்டாம். மகன் வேண்டும். ஆகவே ரோடு வேண்டும். அவள் கணக்கு எங்கள் கணக்கைவிடச் சின்னது, ஆனால் முழுசு.

என்னைக் 'கணக்கம்மா' என்று கூப்பிடுவாள். "ஏன் கணக்கம்மா, ஊர்ல இருக்கற கோழியெல்லாம் எண்ணறியே, ஒனக்கு ஒரு மாப்ளைய எண்ணி எடுத்துக்கத் தெரியலியா?" என்று அடுப்படியில் உட்கார்ந்து கேட்பாள். எனக்குக் கோபம் வராது. நானும் அவள் கோழிகளை எண்ணத்தான் போயிருந்தேன்.

இப்போது அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. எந்த வீட்டில் எது நல்லதோ அது விருந்து வீட்டுக்குப் போய்விடும். ஒருத்தர் செம்பு, இன்னொருத்தர் பாய், கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் எவர்சில்வர் டம்ளர். கேட்டு வாங்குவது கிடையாது. விருந்தாளி வருகிறார் என்ற சேதி போனால் சாமான்கள் தாமே நடந்து வரும். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று நாம் எப்போதும் முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம், இல்லையா? இந்தத் தடவையும் சேதி நன்றாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

வெள்ளச்சி வீடு எனக்கே அடையாளம் தெரியவில்லை. கூடத்தில் மர நாற்காலி ஒன்று, பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது. சுவரில் கடிகாரம், ஓடாது, ஆனாலும் கடிகாரம். மாடத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது ஊர்ப் பெரியவர் ஆண்டியின் ரேடியோ. ஆண்டியும் பக்கத்தில் சலவைச் சட்டையில் நின்றார். சட்டை யாருடையதோ, கை நீளமாக இருந்தது. பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் பூத்துக்கொண்டே போனது. ரேடியோ. கடிகாரம். டம்ளர்கள் வரிசையாக, பல் தெரியச் சிரிப்பது மாதிரி. கொள்கைக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்தங்கிய ஊர் புதுக்காலோடு ஓடி வருகிறது!

"அம்மா, முன்னைக்கு இப்ப வாழ்க்கை எப்படி இருக்குது? கஷ்டம் ஏதாவது உண்டா?"

விருந்தாளியிடம் யாராவது கஷ்டம் சொல்வார்களா?

"ஒரு கொறையும் இல்லீங்க சாமி" என்றாள் வெள்ளச்சி. "நீங்க வந்தீங்களே, அதே பெருசுங்க."

நான் அடுப்படிக்குள் நழுவினேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் அன்றாடம் தின்னும் களிப்பானையை மூலையில் தள்ளி, மேலே முறத்தைக் கவிழ்த்திருந்தார்கள், அழுக்குத் துணியோடு விளையாடும் குழந்தையை ஒளித்து வைப்பது மாதிரி.

"அக்கா, என்னக்கா இதெல்லாம்?"

"என்னாது?"

"ரேடியோ, நாற்காலி, அரிசிச் சோறு..."

"வந்தவங்களுக்குக் களியக் கிண்டி வெக்கச் சொல்றியா?"

"அவர் ரோடு போடலாமா வேணாமான்னு பார்க்க வந்திருக்கார். இதைப் பார்த்தா, இந்த ஊருக்கு ரோடு எதுக்குன்னு போயிடுவார்."

அகப்பை நின்றது. "சோறு போட்டா ரோடு கெடையாதா?"

"அப்படித்தான் ஆகும்."

"அது எந்த ஊரு ஞாயம்? வந்தவன பட்டினி போட்டாத்தான் ரோடு போடுவீங்களா?" குரலைத் தணித்துக்கொண்டாள், கூடத்தில் விருந்தாளி. "இந்தா பாரு. ரோடு இன்னைக்கு இல்லைன்னா இன்னொரு நாளைக்கு வரும். மலைக்குப் போனேன், ஒரு வாய் சோறு போடலைன்னு ஒருத்தரு கீழ போயி சொன்னா, அந்தப் பேரு போனது போனதுதான்."

"சின்னப்பன்?" என்றேன்.

சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் பேச்ச இப்ப எடுக்காத. பொகை கண்ணுல போவுது." பிறகு திரும்பாமலே சொன்னாள்: "வெளிய போயி எதாச்சும் ஒளறினீன்னா அப்புறம் இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத. ஆமா."

நான் கூடத்துக்குத் திரும்பியபோது பேராசிரியர் எழுந்துகொண்டிருந்தார். முறை தெரிந்தவர். ஒரு வீட்டைப் பார்த்து ஊரைத் தீர்மானிக்க மாட்டாராம். "அடுத்தாப்ல இன்னொரு வீடு பார்த்துடலாம். அதோ, அந்தக் கோடி வீடு." அது ஆண்டியின் வீடு. அடித்துத் துடைத்து எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, வெறும் சுவரோடு நிற்கிற வீடு.

ஆண்டியின் முகம் ஒரு கணம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அடுத்த கணம் ஆளே இல்லை.

வாசல் வழியாக நானும் பேராசிரியரும் மெதுவாக நடந்தோம். நான் மெதுவிலும் மெதுவாக நடந்தேன். சாமைக் கொல்லையைக் காட்டினேன், தேன்கூடு இல்லாத மரத்தில் தேன்கூட்டைக் காட்டினேன். வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. கூரைகளின் இடுக்கில் ஒரு நாற்காலிக் கால் தெரிந்து மறைந்தது. டம்ளர்கள் யாரோ ஒருத்தி மடியில் கலகலத்தன. ரேடியோவை நிறுத்த யாருக்கும் நேரமில்லை. பாட்டு எங்களுக்கு இணையாகக் கொல்லைப்புறமாகவே வந்தது. வெள்ளச்சி வீட்டில் பல்லவி கேட்டோம். ஆண்டி வீட்டு வாசலில் சரணம் முடிந்தது.

"வாங்க சாமி, வாங்க. இதான் நம்ம வூடு" என்றார் ஆண்டி. நெற்றியிலிருந்து வியர்வை சட்டையின் நீளமான கையில் வடிந்தது.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பாதி எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். அதைவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை, போன வருஷம் வேய்ந்தது.

"ரெண்டு வீட்டுக்கும் வித்தியாசமே இல்லையே" என்றார்.

"இந்த ஊர்ல வித்தியாசமே கெடையாதுங்க சாமி" என்றார் ஆண்டி, மூச்சு இன்னும் அடங்காமல். "ஒருத்தருகிட்ட இருந்தா எல்லாருகிட்டயும் இருக்கற மாதிரிங்க."

அது பொய்யே இல்லை. ஏற்றத்தாழ்வை அளக்க நீங்கள் எத்தனையோ சூத்திரம் வைத்திருக்கிறீர்கள். ஒரு ஊர் முழுக்க ஒரே நாற்காலியை வைத்துக்கொண்டு சமமாக இருப்பதை அளக்க ஏதாவது இருந்தால் எனக்கும் எழுதிப் போடுங்கள்.

அப்போதுதான் அவர் என்னிடம் கேட்டார். எல்லார் முன்னாலும், நேராக.

"நீங்க இங்க தங்கி வேலை பார்த்தவங்க. நீங்களே சொல்லுங்கம்மா. இந்த ஊர் தானா ஏறி வருதா?"

ரேடியோவை யாரோ அணைத்தார்கள். வாசலில் வெள்ளச்சி வந்து நின்றாள். கையில் இன்னும் அகப்பை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'இல்லை சார், இதெல்லாம் இரவல்' என்றால் அது உண்மை. அந்த உண்மையை அந்தக் கூடத்தில் போட்டு உடைத்தால், விருந்து வைத்த கைகளையெல்லாம் திருட்டுக் கைகள் மாதிரி ஆக்கிவிட்டு நான் இறங்கிப் போகலாம். 'ஆமாம் சார், ஏறி வருகிறது' என்றால் மரியாதை பிழைக்கும், பாதை ஓசூருக்குப் போகும், மகன் அங்கேயே தங்குவான். வகுப்பில் உங்களுக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது ஒன்று உண்டு. கேள்வியை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போவது. தப்பித்து ஓட இல்லை. கேள்விக்குப் பதில் இருக்கிற இடத்துக்கு.

எனக்கு அது தோன்றியது அறிவால் இல்லை. வெள்ளச்சி வீட்டுச் சுவரோரம் வாயைக் கட்டிய சாமை மூட்டை ஒன்று சாய்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு அவளுக்குச் சொந்தமாக இருந்த ஒரே பொருள். அன்று கிழக்கு அடிவாரத்தில் சந்தை. விருந்தாளிக்காக அவள் சந்தைக்குப் போகவில்லை.

"சார்," என்றேன், "வீட்டுக்குள்ள உட்கார்ந்து பார்த்தா அது தெரியாது. இன்னைக்கு அந்தாண்ட அடிவாரத்துல சந்தை. அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஜீப் இந்தப் பக்கம் நிக்குதே?"

"ஆண்டி அண்ணன் போய்ச் சொல்லிட்டா சுத்திக்கிட்டு வந்துடும்."

பிறகு வெள்ளச்சியைப் பார்த்துச் சொன்னேன்: "அக்கா, சாருக்குச் சந்தை பார்க்கணுமாம். வழி காட்டத்தான் ஆளில்லை."

"ஆளில்லையா? நாங்க என்ன செத்தா போனோம்?"

"சந்தைக்கு வெறுங்கையோட போவீங்களா? அந்த மூட்டையையும் எடுத்துக்கங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாட்டிக்கொண்டது தெரிந்துவிட்டது. விருந்தாளி கேட்டதற்கு முடியாது என்று சொல்ல அவள் பழகவில்லை. "பெரிய கைகாரிடி நீ" என்று முணுமுணுத்தாள். திட்டா, பாராட்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சோறும் கோழிக்குழம்பும் தின்ன வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். பிறகு இறக்கம்.

கிழக்குப் பக்கத்து வழியை வழி என்பது மரியாதைக்காக. தண்ணீர் இறங்கின தடத்தில் மனிதர்களும் இறங்குகிறார்கள், அவ்வளவுதான். பேராசிரியரின் பூட்ஸ் ஒவ்வொரு கல்லிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கியது. அவர் உட்காரும் இடத்திலெல்லாம் வெள்ளச்சி, தலையில் மூட்டையோடு, நின்றாள்.

"இறக்கி வெச்சுட்டு உட்காருங்களேம்மா."

"எறக்கினா மறுபடி தலைல ஏத்தி வுட ஆளு வேணுங்க சாமி. நீங்க மூச்சு வாங்குங்க, நான் நிக்கறேன்." ஒரு நிமிஷம் அவர் காலைப் பார்த்தாள். "சாமிக்குக் காலு புதுசு போல."

நான் சிரிப்பை மரங்களின் பக்கம் திருப்பினேன். அவளுக்கு அவர் கொள்கை தெரியாது.

அவள் கொஞ்சம் முன்னே போனதும் அவர் என் பக்கம் குனிந்தார். "நாற்காலி சூடா இருந்துதும்மா. நான் உட்கார்ந்த சூடு."

"தெரியும் சார்."

"நான் என்ன எழுதட்டும்? பார்த்ததை எழுதினா ரோடு போச்சு. சூட்டை எழுதினா, அந்த அறிக்கை சுத்திச் சுத்தி ஒருநாள் இந்த மலைக்கே வந்து சேரும். அந்தம்மா போட்ட சோத்தைத் தின்னுட்டு அவங்களை நான் ஏமாத்துக்காரின்னு எழுதவா?"

அந்த நிமிஷத்தில்தான் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. "சந்தை வந்துடுச்சு சார்" என்றேன்.

பொம்மிடிக்குப் போகிற பாதையோரம் அந்தச் சந்தை. ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். வெள்ளச்சி மூட்டையை இறக்கினாள். அவர் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, ஒரு விலை சொன்னார்.

"போன வாரம் அதுக்கு மேல சொன்னீங்களே?"

"போன வாரம் போன வாரத்தோட போச்சு ஆத்தா."

பேராசிரியருக்கு ரத்தம் ஏறிவிட்டது. "என்னய்யா இது அநியாயமா இருக்குது! அம்மா, குடுக்காதீங்க. திருப்பி எடுத்துட்டுப் போங்க. விலை ஏறினப்புறம் கொண்டாந்து வில்லுங்க. பேரத்துல உங்க பலமே அதுதான்."

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மண்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெள்ளச்சி மட்டும் சிரிக்கவில்லை. சும்மாட்டுத் துணியை உதறிச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

"சாமி சொன்னா எடுத்துட்டுப் போறேங்க. யாராச்சும் ஒரு கை புடிச்சு ஏத்தி வுடுங்க."

அவள் விளையாடவில்லை. விருந்தாளி சொல்லிவிட்டார், அவள் அந்த மூட்டையோடு அந்த மலையைத் திரும்ப ஏறுவாள். பேராசிரியர் அண்ணாந்து பார்த்தார். நாங்கள் இறங்கி வந்த தடம் சுவர் மாதிரி நின்றது. அவர் முகத்தில் கொள்கை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது.

"வேணாம்மா. நான் சொன்னேன், நானே தூக்கறேன்."

"சாமி!"

"விடுங்கம்மா."

பூட்ஸைக் கழற்றினார். இரண்டு பேர் பிடித்து அவர் தோளில் மூட்டையை வைத்தார்கள். சந்தையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. நடந்தார். சமதரையில் நன்றாகவே நடந்தார் என்று சொல்ல வேண்டும். தடம் மேலே திரும்புகிற இடத்தில் ஒரு கால் வைத்தார், அடுத்த கால் வைத்தார். அப்புறம் மூட்டையோடு மெல்ல, மிகுந்த கண்ணியத்தோடு, ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

மண்டிக்காரரே மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். எறக்கின மூட்டைய இவுங்களால ஏத்த முடியாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு இவுங்களுக்கும் தெரியும். நான் மட்டும் என்னா, வண்டி புடிச்சு சேலத்துக்குக் கொண்டுபோனா அங்க இருக்கறவன் இதேதான் பண்றான். திருப்பிக் கொண்டுபோக எனக்கு வண்டிக் கூலி ஆவும்னு அவனுக்குத் தெரியாதா? அவன் எனக்குப் பண்றத நான் இவுங்களுக்குப் பண்றேன். இவுங்களுக்குப் பின்னால யாரும் இல்ல, அதான் வித்தியாசம்."

பேராசிரியர் மோரைக் குடித்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டு அந்தத் தடத்தையே பார்த்தார். உட்கார்ந்திருந்த பாறையும் சூடாகத்தான் இருந்திருக்கும். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சரி, சாமி தூக்கினதுக்காகப் போன வாரத்து வெலையே போட்டுக்கறேன்" என்றார் மண்டிக்காரர். அந்தப் பெரிய படிப்பாளி தோளால் உழைத்து ஊருக்கு ஈட்டித் தந்த முதல் வருமானம் அதுவாகத்தான் இருக்கும். வெள்ளச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் வெட்கப்பட்டுப் பூட்ஸைத் தேடினார்.

அவர் எழுதியதைப் பிறகு படித்தேன். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. ரேடியோ இல்லை, கடிகாரம் இல்லை, நாற்காலி இல்லை. வழியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தார். இறக்கின சரக்கைத் திருப்பி எடுத்துப்போக முடியாத ஊருக்குத் தன் விலை என்று ஒன்று கிடையாது. அடுத்தவர் சொல்வதுதான் அதன் வருமானம். அப்படிப்பட்ட ஊர் தானாக எட்டிப்பிடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. இவ்வளவுதான் சாரம். மூட்டையைச் சுமந்தவரின் எழுத்து என்பது வாக்கியத்தின் மூச்சிலேயே தெரிந்தது. கொள்கையையும் அவர் கைவிடவில்லை. புதுக்கால் வேகமாக ஓடும் என்றுதான் கடைசிவரை சொன்னார். கால் வைக்க இடம் வேண்டும் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

உங்கள் வரைபடத்துச் சிவப்பு பச்சையாவதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, தங்கையே. ஆகட்டும். ஆனால் ஒரு வட்டாரம் பச்சையாகிவிட்டது என்று நிறத்தை மாற்றும் முன், அங்கே நாற்காலி சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடு. சூடாக இருந்தால் அதை எழுதாதே. எழுந்து போய் வழியைப் பார்.

பாதை உடனே வந்துவிடவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்கள் முதலில் வந்தன. கற்கள் வெகுகாலம் தனியாகவே நின்று மழையில் வெளுத்தன. ஒருவழியாகத் தாரில்லாத மண்பாதை ஒன்று கிழக்குச் சரிவில் சுற்றிச் சுற்றி ஏறியது. சந்தைநாளில் ஒரு வாடகை ஜீப் ஓடத் தொடங்கியது. சின்னப்பன் வந்தான். ஓசூரை முழுசாக விட்டுவிடாமல்தான் வந்தான். மாதத்தில் பாதி அங்கே சுவர், பாதி இங்கே சாமை. அவனைச் சராசரி போட்டால் பாலக்கோட்டுப் பக்கம் எங்கேயோ நடுரோட்டில் நிற்பான்.

கடைசியாக அந்த ஊருக்கு நான் போனது அந்தச் சமயத்தில்தான், சந்தைக்கு மறுநாள். வெள்ளச்சி வீட்டில் ரேடியோ இல்லை, நாற்காலி இல்லை. எனக்குப் பாய் போட்டாள், அது அவள் பாய். களி கிண்டிப் போட்டாள். இனி நான் விருந்தாளி இல்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு அந்த உத்தியோகத்தில் கிடைத்ததில்லை. சுவரோரம் சாமை மூட்டை ஒன்று, வாய் கட்டியபடி.

"என்னக்கா, நேத்து சந்தைக்குப் போகலியா?"

"போனேனே."

"அப்ப இந்த மூட்டை?"

"அதுவும் கூடத்தான் வந்துச்சு. போயிட்டு என் கூடவே திரும்பி வந்துருச்சு."

"அவ்வளவு கம்மியாவா விலை சொன்னார்?"

"இல்ல, நல்ல வெலைதான் சொன்னான்."

"ஜீப் கூலி ரெண்டு பக்கமும் தண்டமாச்சே?"

"சின்னப்பனும் அதுக்குத்தான் காலையிலருந்து குதிக்கறான். குதிக்கட்டும்."

"பின்ன ஏங்க்கா?"

வெள்ளச்சி மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வேணாம்னு சொல்லிப் பாத்தேன், கணக்கம்மா. இத்தினி வயசுக்கு ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குது."